லமலேரா போய் வந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

நண்பர்களே, ஜூன் மாதம் இந்தோனேசியாவில் லெம்பாட்டா தீவின் தென்கரையில் உள்ள லமலேரா கிராமத்துக்குப் போகலாம் என்றிருக்கிறேன், பாலி மாதிரி கூட்டம் அலைமோதும் இடமில்லை. பாறை நிலம், பெரிதாக விவசாயம் கிடையாது, அதனால் ஊர்க்காரர்களுக்குத் திமிங்கல வேட்டை முக்கியமான பிழைப்பு, மூங்கில் கழியில் எறியீட்டியைச் செருகி, படகிலிருந்து அப்படியே குதித்துத் திமிங்கலத்தைக் குத்துகிறார்கள். அந்த இறைச்சியைக் கீற்றாக அறுத்துக் காயவைத்து, பெண்கள் வுலாண்டோனி சந்தையில் மக்காச்சோளத்துக்கும் வாழைப்பழத்துக்கும் மாற்றிக்கொள்வார்களாம். சந்தையைப் பார்க்க ஆசை, வேட்டையைப் பார்க்கும் தைரியம்தான் வருமா தெரியவில்லை.

சரி, தீவின் முக்கிய நகரமான லெவோலேபாவிலிருந்து லமலேராவுக்கு எதில் போவது? வீடுகளில் தங்க விடுவார்களா, எவ்வளவு கொடுப்பது முறை? முக்கியமாக, நான் சைவம், சோறும் கீரையும் கிடைத்தால் போதும், சமாளிக்கலாமா? அப்புறம் படம் எடுத்தால் கோபித்துக்கொள்வார்களா என்பதையும் சொல்லுங்கள்.