ரிஷிகேஷ் ராஃப்டிங்: பொண்ணுக்கு 15, பையனுக்கு 11, எனக்கு நீச்சல் தெரியாது

கொங்குக்காரன் (கேள்வி)

வணக்கங்க. பொண்ணு பத்தாவது பரீட்சை எழுதி முடிச்சிருச்சு. லீவுக்கு எங்க போலாம்னு கேட்டேன். ஊட்டி, மூணாறுன்னு சொல்லும்னு பார்த்தா, ரிஷிகேஷ் போயி கங்கையில ராஃப்டிங் போகோணுங்குது, அதாங்க ரப்பர் படகுல அலைக்குள்ள துடுப்பு போட்டுப் போறது. எல்லாம் ரீல்ஸ் பண்ற வேலை. நானும் சரின்னுட்டேன். வாக்குக் குடுத்தாச்சு, இனி பின்வாங்க முடியாதுங்க.

வீட்டம்மாதான் ஒத்துக்க மாட்டேங்கறா. "ஆடிப்பெருக்குக்கு பவானி கூடுதுறை போனாலே கடைசிப் படியில உக்காந்து சொம்புல மொண்டு ஊத்திக்கிற ஆளு, நீங்க கங்கையில போட் ஓட்டப் போறீங்களாக்கும்"னு கேக்கறா. அவ சொல்றதும் நெசந்தான், எனக்கு நீச்சல் தெரியாது. பொண்ணு ஸ்விம்மிங் கிளாஸ் போயிருக்கு, ஆனா அது நாலடித் தொட்டி.

மே மாசம் போலாம்ங்களா? அங்க நாலஞ்சு ரூட்டு சொல்றாங்க, முதல் தடவைக்கு எது சரி? 11 வயசுப் பையனையும் கூட்டிட்டுப் போகாட்டி வீட்ல பெரிய ரகளையாயிரும். போயிட்டு வந்தவங்க யாராச்சும் சொல்லுங்க. யூடியூப்ல எல்லாரும் "சூப்பர் எக்ஸ்பீரியன்ஸ்"னு மட்டுந்தான் சொல்றாங்க.

மேட்டூர் மச்சான்

எதுக்கு சார் அவ்வளவு தூரம்? ஒகேனக்கல் போங்க, பரிசல்ல ஒரு சுத்து, ஆயில் மசாஜ், மீன் வறுவல். சாயங்காலம் வீட்டுக்கு வந்துடலாம்.

பெரம்பூர் அம்மா

மச்சான், பரிசல்ல நாம உக்காந்து வேடிக்கைதான் பார்ப்போம், ஓட்டுறது பரிசல்காரர். ராஃப்ட்ல அந்தப் பொண்ணே துடுப்பு போடணும். அவ கேக்கறது அதைத்தான். ஒகேனக்கல் மீன் வறுவலுக்கு மட்டும் நான் எதிரி இல்ல.

அண்ணா, என் பொண்ணுக்கு 14 முடிஞ்சதுல இருந்து நானும் அவளும் சேர்ந்துதான் போறோம். கங்கைக்கும் போயிருக்கோம், மகாராஷ்டிரால கோலாட் பக்கம் குண்டலிகா ஆத்துக்கும் போயிருக்கோம். அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கோங்க.

முதல்ல பையன் விஷயத்தை முடிச்சிடலாம். அவனை படகுல ஏத்தாதீங்க. உத்தரகாண்ட்ல 14 வயசு ஆனாத்தான் அனுமதி. ஒரு புக்கிங் கடையில என் தங்கச்சி பையனைப் பார்த்துட்டு, "ஃபார்ம்ல 14னு போட்டுக்கோங்க மேடம், யாரு பார்க்கப் போறா"ன்னாங்க. அப்பவே கடையை விட்டு இறங்கிட்டோம். வயசைப் பொய்யா எழுதச் சொல்றவன் ஹெல்மெட் வார் அறுந்திருந்தாலும் ஒண்ணும் ஆகாதும்பான். தவிர, அங்க இருக்கற லைஃப் ஜாக்கெட் பெரும்பாலும் பெரியவங்க அளவு. ஒல்லிப் பையன் தண்ணில விழுந்தா ஜாக்கெட் மேல மிதக்கும், பையன் உள்ள நழுவுவான். உங்க பொண்ணுக்கும் இதை டெஸ்ட் பண்ணுங்க. பக்கிள் எல்லாம் போட்டு இறுக்கின பிறகு, ரெண்டு தோள் பட்டியையும் பிடிச்சு நீங்களே மேல இழுத்துப் பாருங்க. ஜாக்கெட் மோவாயைத் தாண்டி ஏறினா வேற கேளுங்க. பின்னாடி க்யூ நிக்குதேன்னு வெக்கப்படாதீங்க.

நீச்சல் தெரியாட்டியும் ஏத்திக்குவாங்க. தெரிஞ்சா பதட்டம் குறையும். விழுந்தா செய்ய வேண்டியது மல்லாந்து மிதக்கறது. கால் ரெண்டும் ஆறு போற திசையில, கட்டைவிரல் தண்ணிக்கு வெளிய தெரியணும். பாறை வந்தா பாதம் வாங்கிக்கும், தலை தப்பிச்சுக்கும். எந்தக் காரணத்துக்கும் எழுந்து நிக்கக் கூடாது, தண்ணி முட்டி அளவுதான் இருந்தாலும். பாறை இடுக்குல பாதம் மாட்டிக்கிட்டா பின்னாடி வர்ற தண்ணி முதுகுல தள்ளி முகத்தை உள்ள அமுக்கிடும். கைடு இதையெல்லாம் கரையில அஞ்சு நிமிஷத்துல கடகடன்னு இந்தியில ஒப்பிச்சுடுவார். அதனால ஹோட்டல் கட்டில்லயே பொண்ணைப் படுக்க வச்சு சொல்லிக் குடுத்துடுங்க. சிரிப்பா சிரிப்பா, சிரிக்கட்டும்.

ரூட்டு: பிரம்மபுரியில ஏறினா 9 கிலோமீட்டர், சிவ்புரியில இருந்து 16, மரைன் டிரைவ் 25 பக்கம், கௌடியாலா 35 வரும். கௌடியாலா பக்கம் "த வால்"னு ஒரு இடம் இருக்கு, அனுபவம் இருக்கறவங்களே யோசிப்பாங்க, இப்போதைக்கு மறந்துடுங்க. முதல் தடவைக்கு பிரம்மபுரி போதும்னு நிறைய பேர் சொல்வாங்க. எனக்கு அதுல உடன்பாடில்ல. ரீல்ஸ் பார்த்து ஏங்கின பொண்ணை அதுல உக்கார வச்சா "அவ்ளோதானாப்பா?"ன்னு கேப்பா. சிவ்புரி போங்க. ரோலர் கோஸ்டர், கோல்ஃப் கோர்ஸ்னு பேர் வச்ச ரெண்டு ராப்பிடும் (தண்ணி பாறை மேல அலையடிச்சு வேகமா ஓடற இடம்) அந்த வழியிலதான் வரும், கிரேடு 3 பக்கம். கிரேடுன்னா அலை எவ்வளவு முரடுன்னு சொல்ற எண், ஏற ஏற கஷ்டம். கோல்ஃப் கோர்ஸ் தண்ணியைப் பொறுத்து 4ஐத் தொடும். அன்னைக்குத் தண்ணி ஏறியிருந்தா, "பிரம்மபுரியே போங்க"ன்னு கைடு சொன்னா மட்டும் மறுபேச்சு பேசாதீங்க.

மே மாசம் போகலாம், ஆனா கூட்டம் தாங்காது. படகும் படகும் முட்டிக்கும். சனி, ஞாயிறை விட்டுட்டு வார நாள்ல காலையில முதல் ட்ரிப் பிடிங்க. வெளிய 40 டிகிரி கொளுத்தும், தண்ணி மட்டும் பனி உருகி வர்ற தண்ணி, பல்லு கிட்டும். ஜூலை, ஆகஸ்ட் மழைக்கு மூடிடுவாங்க. என்னைக் கேட்டா அக்டோபர்தான் ஜோர், தண்ணி தெளிஞ்சு பச்சையா ஓடும். ஆனா ஸ்கூல் லீவு நம்ம கையிலயா இருக்கு?

இப்ப நான் உண்மையிலேயே சொல்ல வந்தது. பொண்ணு தண்ணில விழுந்தா நீங்க துடுப்பை விடாதீங்க. குதிக்கவும் குதிக்காதீங்க.

கோல்ஃப் கோர்ஸ்ல ரெண்டாவது அலையில என் பொண்ணு வெளிய போயிட்டா. வழுக்கிட்டுப் போன சத்தம்கூட கேக்கல. பக்கத்து இடம் காலி, அவ துடுப்பு மட்டும் மிதக்குது. கொஞ்ச தூரத்துல நீல ஹெல்மெட் மேல வந்துச்சு, அப்புறம் காணோம், அப்புறம் மறுபடி. கைடு கத்தினது "ஃபார்வர்ட்! ஜோர் சே!"ன்னுதான், முன்னாடி பலமாப் போடுங்கன்னு அர்த்தம். அவளைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. அந்த ஆளைக் கொன்னுடலாம்னு இருந்துச்சு. ஆனாலும் போட்டேன். நடு ராப்பிட்ல துடுப்பு நின்னா படகு குறுக்கே திரும்பிடும், குறுக்கே திரும்பின படகை அடுத்த அலை கவுத்துடும். அப்புறம் எட்டு பேரும் தண்ணில, அவளைத் தூக்க ஆளே இருக்காது. நாங்க அந்த அலையைத் தாண்டினப்போ சேஃப்டி கயாக்காரர் (விழுந்தவங்களைப் பிடிக்க ஒத்தை ஆள் சின்னப் படகுல கூடவே வர்றவர்) அவகிட்ட போயிட்டார். அவர் கயாக் மூக்கைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு வந்து சேர்ந்தா. வந்ததும் முதல் கேள்வி: "ஏம்மா, நீ என் பக்கம் திரும்பவே இல்ல?"

அதனால புக் பண்ணும்போதே கேளுங்க, கூட சேஃப்டி கயாக் வருதான்னு. "தேவைப்படாது சார்"னு பதில் வந்தா வேற இடம் பாருங்க.

படகு பக்கத்துல அவ வந்துட்டா கையைப் பிடிச்சு இழுக்காதீங்க, வழுக்கும், தோளும் இறங்கிடும். ஜாக்கெட்டோட ரெண்டு தோள் பட்டியையும் பிடிங்க, முட்டியை படகு விளிம்புல ஊணுங்க, அப்படியே பின்னாடி சாஞ்சு விழுங்க. அவளும் உங்க மேல வந்து விழுவா. அழகா இருக்காது, ஆனா என்னோட அரைப்பங்கு உடம்பு இருக்கறவகூட என்னை அப்படித்தான் உள்ள இழுத்துப் போட்டா.

ஹட்டன்வாசி

சகோதரி சொன்னது அத்தனையும் சரி. எங்க பக்கம், இலங்கையில, கித்துல்கலயில களனி கங்கைங்கற ஆத்துல நானும் மகனும் போவோம். ஹட்டன்ல இருந்து கொழும்பு போற பாதையிலதான் இருக்கு. கிரேடு 2, 3தான், தண்ணியும் குளிராது. ஆனா அங்க ஆத்துல தண்ணி இருக்குமா இல்லையான்னு மழை மட்டும் முடிவு பண்றதில்ல, மேல இருக்கற மின் நிலையங்களும் சேர்ந்துதான் முடிவு பண்ணும். புரோட்லண்ட்ஸ்னு 35 மெகாவாட் திட்டம் கட்டத் தொடங்கினப்பவே ராஃப்டிங் தொழில்காரங்க எங்களுக்கு தண்ணி மிச்சம் இருக்குமான்னு கேட்டு சண்டை பிடிச்சாங்க. இப்பவும் எந்த நேரம் தண்ணி வரும்னு கேட்டுட்டுத்தான் வீட்டை விட்டு கிளம்புவோம்.

பெரம்பூர் அம்மா

குண்டலிகாவும் அதே கதைதான் ஹட்டன்வாசி. முல்ஷி அணைத் தண்ணி பீரா மின் நிலையத்துல கரண்ட் எடுத்துட்டு ஆத்துல விழும், அதுவும் காலையில. மதியம் போனா பாறையைப் பார்த்துட்டு வரலாம்.

கொங்குக்காரன்

ரொம்ப நன்றிங்க அக்கா. வீட்டம்மாவைப் பக்கத்துல வச்சுத்தான் படிச்சேன். கோல்ஃப் கோர்ஸ் பத்தி வந்ததும் எந்திரிச்சு உள்ள போயிட்டா. அரை மணி நேரம் கழிச்சு வந்து, "கயாக் வர்ற கம்பெனியாப் பாருங்க"ன்னா. அப்ப சரின்னுதான் அர்த்தம்! அவளும் பையனும் கரையில இருப்பாங்களாமா. எங்க நிக்கச் சொல்றதுங்க? அப்புறம் பொண்ணு கேக்குது, முன் வரிசை கேட்டா குடுப்பாங்களா?

பெரம்பூர் அம்மா

பெரும்பாலும் நீம் பீச்ல முடிப்பாங்க, எதுக்கும் புக் பண்ற இடத்துல கேட்டு வச்சுக்கோங்க. அவங்க அங்க வந்துட்டா போதும். ஃபோன், பர்ஸ், மாத்துத் துணி எல்லாம் அண்ணிகிட்ட குடுத்துடுங்க. காலுக்குப் பின்பட்டி வச்ச செருப்பு போடுங்க, ஹவாய் செருப்பு முதல் அலையிலயே ஹரித்வார் போய்ச் சேர்ந்துடும். கண்ணாடி போடறவங்கன்னா அதுக்கு ஒரு கயிறு கட்டிக்கோங்க. துடுப்போட மேல் நுனியில இங்கிலீஷ் T வடிவப் பிடி இருக்கும், அதுல இருந்து மட்டும் கையை எடுக்கக் கூடாதுன்னு பொண்ணுகிட்ட சொல்லுங்க. ராப்பிட்ல பல்லு உடையறது பாறையால கம்மி, பக்கத்து ஆளோட அந்தப் பிடியாலதான் அதிகம்.

முன் வரிசை தாராளமா கேக்கலாம், பாதிப் பேர் பயந்து பின்னாடிதான் போவாங்க. அலை முழுசும் அவ மூஞ்சிலதான் அடிக்கும். நீங்க நேரா அவளுக்குப் பின்னாடி உக்காருங்க. முன்னாடி இருக்கறவங்க துடுப்பு போடற வேகத்துக்குத்தான் பின்னாடி இருக்கறவங்க போடணும், இல்லாட்டி துடுப்பும் துடுப்பும் இடிச்சுக்கும். அவ முதுகைப் பார்த்துப் போட்டுட்டே வாங்க.