பெயர் வாசிக்காவிட்டால் என்ன ஆகும்?

“எல்லாக் காவலோடும் உன் இருதயத்தைக் காத்துக்கொள்” என்கிற நீதிமொழிகள் 4:23 வசனத்தை எங்கள் பக்கம் வாலிபர் கூட்டத்தில்தான் எடுப்பார்கள். காதல், சினிமா, செல்போன், இந்த மூன்றுக்கும் எதிராக. தலை நரைத்த கமிட்டிக்காரர்களைப் பார்த்து யாரும் அந்த வசனத்தில் பிரசங்கம் செய்து நான் கேட்டதில்லை. அதிகம் கேட்க வேண்டியவர்கள் அவர்கள்தான். நானும் ஒரு கமிட்டிக்காரன், அதனால் தைரியமாகச் சொல்கிறேன்.

எங்களுடையது திருநெல்வேலிப் பக்கம் ஒரு சி.எஸ்.ஐ. சபை. ஆராதனை முடிந்ததும் காணிக்கை எண்ணுகிற மேசையில் உட்காருவேன். சபையார் எல்லாரும் சேர்ந்து சமைத்துச் சாப்பிடுகிற அசனப் பண்டிகை வந்தால் அரிசி யார், ஆடு யார், தேங்காய் யார் என்று பெயர் வாசிப்பது வழக்கம். ஒரு வருஷம் அரிசி மூட்டை கொடுத்த ஒருவருடைய பெயர் எப்படியோ விட்டுப்போனது. மனுஷன் பந்தியில் உட்காரவே இல்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போய்க் கேட்டோம். “எனக்கு ஒண்ணுமில்ல தம்பி, பிள்ளைகளுக்குத்தான் வருத்தம்” என்றார். பிள்ளைகள் இரண்டு பேரும் அந்த வருஷம் அசனத்துக்கு ஊருக்கே வரவில்லை. அடுத்த ஞாயிறு எங்கள் ஐயர், அதாவது சபைக் குருவானவர், அந்தப் பெயரைத் தனியாக வாசித்த பிறகுதான் அவர் முகம் தெளிந்தது.

அவரைக் கேலி செய்ய மனமில்லை. அந்த ருசியைப் பழக்கிவிட்டதே சபைதான். ட்யூப்லைட்டில் உபயம், ஃபேனில் உபயம், பெஞ்சு முதுகில் உபயம். சில ட்யூப்லைட்டில் பெயரும் ஊரும் பட்டமும் எழுதி முடித்ததில் வெளிச்சம் வர இடமே இல்லை. கழிப்பறைத் திறப்புக்குக்கூடக் கல்வெட்டு வைத்திருக்கிறோம், போய்ப் பாருங்கள். தர்மம் செய்யும்போது தாரை ஊதாதே என்று மத்தேயு 6-ல் இயேசு சொன்ன இடத்தில், ஊதுகிறவர்கள் “தங்கள் பலனை அடைந்து தீர்ந்தது” என்று வருகிறது. ரசீது கொடுத்துக் கணக்கை முடித்தாயிற்று என்கிற மாதிரி. காணிக்கை எண்ணுகிறவனுக்கு அந்த வரி வேறு மாதிரிக் கேட்கும்.

அதே சபையில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் இருக்கிறார். மாதாமாதம் அவர் போடுகிற கவரில் பெயர் இருக்காது. கையெழுத்து எனக்குத் தெரியும், அதனால் ஒருநாள் கேட்டுவிட்டேன், சார், பெயர் எழுதினால் எங்களுக்குக் கணக்கு வைக்கச் சுலபமாக இருக்குமே என்று. “பேர் போட்டா ரசீது வரும். ரசீது வந்தா வீட்ல அவ பார்ப்பா. பாத்தா நான் நாலு நாளைக்குப் பெரிய மனுஷன் மாதிரி நடப்பேன். எதுக்குடே அது?” என்றார். அதைச் சொன்ன தொனியில் பக்தி ஒன்றும் இல்லை, சர்க்கரை இருக்கிறது அதனால் காப்பிக்குச் சீனி வேண்டாம் என்கிறவர் குரல்தான். அப்புறம் நாங்கள் நோட்டில் ‘பெயர் சொல்ல விரும்பாதவர்’ என்று ஒரு வரி போட்டோம். அதிலும் வேடிக்கை உண்டு. அந்த வரியை வாசித்ததும் திரும்பிப் பார்த்து, அது தான்தான் என்று கண்ணால் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள்.

கைப்பிடி அரிசி நினைவிருக்கிறதா? உலையில் போட அரிசி அளக்கும்போது ஒரு பிடியை எடுத்துத் தனி டப்பாவில் போட்டுவைத்து, சேர்ந்ததும் கோயிலுக்குக் கொண்டுவருவார்கள். எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கொட்டிய பிறகு எது யார் வீட்டு அரிசி என்று கர்த்தருக்குத்தான் தெரியும். எங்கள் பாட்டிகள் மத்தேயு 6-க்கு வியாக்கியானம் படித்தவர்கள் இல்லை, ஆனால் அப்படி ஒரு ஏற்பாட்டில் வளர்ந்தவர்கள். எங்கள் ஜில்லாவிலேயே இருக்கிறது டோனாவூர். அயர்லாந்திலிருந்து வந்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அங்கே அத்தனை பிள்ளைகளை வளர்த்தும் மனிதர்களிடம் பணம் கேட்பதில்லை என்று வைத்திருந்தார். 1951-ல் இறந்தபோது கல்லறைக்குக் கல்லும் வைக்கவில்லை, அது அவர் முன்பே சொல்லிவைத்தது. பறவைகளுக்கு ஒரு தண்ணீர்த் தொட்டிதான் வைத்தார்கள். நாங்கள் வருஷா வருஷம் அங்கே வேன் பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, அடுத்த கல்வெட்டுக்கு ஆர்டர் கொடுக்கிறோம்.

இப்போது அசனத்தில் பெயர் வாசிப்பதை நிறுத்தலாமா என்று பேச்சு வந்திருக்கிறது. வசூல் குறையும் என்கிறார் பொருளாளர். குறையத்தான் செய்யும். நிறுத்த வேண்டும் என்பதே என் கட்சி.

* * *

அண்ணா, நீங்கள் கொடுப்பதைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். எனக்குச் சொல்லவேண்டியது சாட்சி சொல்லுவதைப் பற்றி, கர்த்தர் நமக்குச் செய்ததைச் சபை முன்னால் சொல்லுவதைப் பற்றி. நான் சென்னையில் ஒரு பெந்தெகொஸ்தே சபை. எங்களுக்கு வாட்ஸ்அப்பில் ஜெபக்குழு உண்டு. அதில் ஒருவர் “ஒரு குடும்பப் பிரச்சினைக்காக ஜெபியுங்கள்” என்று போட்டால் போதும், ஐந்து நிமிஷத்தில் ஒரு ஆண்ட்டி போன் பண்ணுவார். “பாரத்தோட ஜெபிக்கணும்ல, முழுசா சொல்லும்மா.” முழுசாகச் சொன்னது ராத்திரிக்குள் வேறு இரண்டு குழுவுக்கு ஜெபக்குறிப்பாகப் போயிருக்கும்.

என் சிநேகிதிக்குக் கரு கலைந்தது. சில வாரத்திலேயே சபையில், சகோதரி மேடைக்கு வந்து கர்த்தர் எப்படித் தேற்றினார் என்று சாட்சி சொல்லட்டும், பலருக்குப் பிரயோஜனமாயிருக்கும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அவள் இன்னும் தேறவே இல்லை. மாட்டேன் என்றால் விசுவாசம் இல்லை என்பார்கள், சொன்னால் பொய். அப்போது எங்கள் சபையிலேயே ஒரு வயதான பாஸ்டரம்மா அவளைக் கூப்பிட்டுப் பேசினார். நானும் கூட இருந்தேன். செத்துப்போன யவீரு மகளை உயிரோடு எழுப்பிவிட்டு இயேசு அதை யாருக்கும் சொல்லாதீர்கள் என்றுதானே கட்டளையிட்டார் என்று கேட்டார். குழந்தை இயேசுவைப் பார்க்க மேய்ப்பர்கள் வந்துபோன பிறகு மரியாள் ஊரைக் கூட்டவில்லை, “அந்தச் சங்கதிகளையெல்லாம் தன் இருதயத்திலே வைத்து, சிந்தனைபண்ணினாள்” என்றிருக்கிறது என்றார். அப்புறம், “உனக்கும் கர்த்தருக்கும் நடுவுல இருக்கறத மைக்ல வைக்கணும்னு ஒண்ணும் இல்லடி” என்று சொல்லிவிட்டு அவளுக்குச் சாப்பாடு போட்டார். இருதயத்தைக் காப்பது என்றால் கெட்டது உள்ளே வராமல் பார்ப்பது என்று மட்டும்தான் அதுவரை கேட்டிருந்தேன். உள்ளே இருப்பதை எடுத்துக் கண்டவர் கையில் கொடுக்காமல் இருப்பதும் அதில் சேர்த்திதானே?

அந்த ஆண்ட்டி இன்னும் போன் பண்ணுகிறார். “வேண்டிக்கோங்க ஆண்ட்டி” என்று சொல்லி வைத்துவிடுகிறேன்.

* * *

நான் கத்தோலிக்கன், தூத்துக்குடி. எங்கள் பங்குக் கோயிலில் கீபோர்டு வாசிக்கிற தம்பி ஒருவன், நல்ல கை. ஈஸ்டர் இரவுப் பாஸ்கா பூசையை யாரோ யூடியூபில் போட்டு அவனுக்கு ஏகப்பட்ட பாராட்டு. அடுத்த மாதம் வாசிக்க வரமாட்டேன் என்றுவிட்டான். “அண்ணே, நான் ஆண்டவருக்கு வாசிக்கல, கேமராவுக்கு வாசிக்கிறேன். அதான் விட்டுட்டேன்.” கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் போகிற வருகிறவர்களிடமெல்லாம் ஏன் விட்டேன் என்று விளக்கிக்கொண்டிருந்தான், அவர்களும் என்ன தாழ்ச்சி என்று புகழ்ந்தார்கள். யோவான் காசியான் என்று பழைய காலத்துத் துறவி ஒருவர் வீண்பெருமையை வெங்காயம் என்றாராம், ஒரு தோலை உரித்தால் அடியில் இன்னொன்று.

தவக்காலத் தியானம் கொடுக்க வந்த சேசு சபை ஃபாதரிடம் அவனைக் கூட்டிப்போனேன். அவர் தங்கள் சபையை நிறுவிய இஞ்ஞாசியார் கதையைச் சொன்னார். 1522-ல் ஸ்பெயினில் மன்ரேசா என்கிற ஊரில் இஞ்ஞாசியார் தன் பழைய பாவங்களையே தோண்டித் தோண்டிப் பாவசங்கீர்த்தனம் செய்து, தற்கொலை எண்ணம் வருகிற அளவுக்குப் போய்விட்டாராம். மிகத் தெளிவான பாவமாக இருந்தால் தவிரப் பழசை எடுக்காதே என்று குருவானவர் சொல்லியும் பயனில்லை, ஏனென்றால் அவருக்கு எல்லாமே தெளிவாகத்தான் தெரிந்தது! பிற்பாடு அவரே பிறருக்கு எழுதிவைத்த யோசனை இது: ஒரு நல்ல காரியம் செய்யப்போகும்போது ‘இதைப் பெருமைக்குத்தானே செய்கிறாய்’ என்று உள்ளே குரல் வந்தால், உனக்காக ஆரம்பிக்கவும் இல்லை, உனக்காக நிறுத்தவும் மாட்டேன் என்று புனித பெர்நார்து சொன்ன பதிலைச் சொல்லிவிட்டு வேலையைப் பார்.

தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “அப்ப நோக்கம் சுத்தமாகிற வரைக்கும் காத்திருக்க வேண்டாமா ஃபாதர்?” என்றான். “காத்திருந்தா நான் இன்னிக்கு வரைக்கும் ஒரு பூசையும் வச்சிருக்க மாட்டேன்” என்றார் அவர்.

இப்போது மறுபடி வாசிக்கிறான். பூசை முடிந்ததும் இன்னும் வீடியோ லிங்க்தான் கேட்கிறான்.