9-வது மூவில் கேம் நின்றுவிடுகிறது, உதவுங்கள் (அவசரம்)

மஞ்சக்குப்பம் அம்மா | இரவு 8.40
வணக்கம். பையனுடைய செஸ் கேமை அவன் சாருக்கு அனுப்ப வேண்டும். டைப் செய்து போட்டால் 9-வது மூவில் எரர் வருகிறது. அதற்கு மேல் நகர மாட்டேன் என்கிறது. கடைசியில் வந்த போர்டு பொசிஷனும் அனுப்பச் சொன்னார், போட்டோ எடுத்து இணைத்திருக்கிறேன், இது போதுமா? நாளை காலை 7 மணிக்குள் வேண்டுமாம். தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

கெடிலக்கரை | இரவு 8.47
அம்மா, எதில் டைப் செய்தீர்கள், போனா கம்ப்யூட்டரா? டைப் செய்ததை எங்கே போட்டீர்கள்? எரரில் என்ன எழுதியிருக்கிறது? 9-வது மூவ் என்றால் வெள்ளையின் மூவா, கருப்பின் மூவா? டைப் செய்ததை அப்படியே இங்கே காட்டினால்தான் ஏதாவது சொல்ல முடியும்.

லாஸ்பேட்டை சிப்பாய் | இரவு 8.51
போட்டோ போதாது அக்கா. ட்யூப்லைட் வெளிச்சம் நடுவில் விழுந்து நாலு கட்டம் வெள்ளையாகப் போய்விட்டது. அங்கே காய் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. சாய்வாக எடுத்திருப்பதால் மந்திரியும் (இங்கிலீஷில் பிஷப்) சிப்பாயும் ஒரே மாதிரி தெரிகிறது. அதைவிட முக்கியம், இப்போது யார் மூவ்? போட்டோவில் அது தெரியாது.

மஞ்சக்குப்பம் அம்மா | இரவு 8.58
போன்தான். யார் மூவ் என்று பையனைக் கேட்க வேண்டும், தூங்கிவிட்டான். எரர் இங்கிலீஷில் வருகிறது, செல்லாத மூவ் என்கிற மாதிரி.

பலகை64 | இரவு 9.02
இந்தக் கேள்வி மாதத்துக்கு இரண்டு முறை வருகிறது. பி.ஜி.என்., அதாவது கம்ப்யூட்டர் படிக்கிற மாதிரி கேமின் மூவ்களை டைப் செய்கிற முறை, நம் இஷ்டத்துக்கு எழுதுகிற கடிதம் இல்லை. அதற்கு விதி இருக்கிறது. ஸ்டீவன் எட்வர்ட்ஸ் 1993-ல் வகுத்தது. அதை ஒரு முறை படித்துவிட்டு வந்தால் பாதிக் கேள்விகள் இங்கே வராது. உங்கள் கேமில் காஸ்லிங்குக்கு (ராஜாவும் ஓரத்துக் காயும் ஒரே மூவில் நகர்வது) சைபர் போட்டிருப்பீர்கள். உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் விதிப்புத்தகத்தில் சைபர்தான், ஆனால் பி.ஜி.என்.-ல் ஆங்கில ஓ எழுத்து, அதுவும் கேப்பிட்டல். பிள்ளைகளின் ஸ்கோர் ஷீட்டைப் பார்த்து டைப் செய்பவர்கள் எல்லோரும் இதே தவறைச் செய்கிறார்கள். மாற்றுங்கள், ஓடும்.

முத்தியால்பேட்டை மாமா | இரவு 9.08
சார் புதுச்சேரிக்காரரா? அப்படியானால் முதலில் இதைக் கேளுங்கள் அம்மா, பையனுக்கு மூவ் எழுதக் கற்றுக்கொடுத்தது பிரெஞ்சு முறையிலா? எங்கள் அப்பா வைத்திருந்த செஸ் புத்தகங்கள் எல்லாம் பிரெஞ்சுதான். அதில் குதிரைக்கு சி, ஏனென்றால் கவாலியே. மந்திரிக்கு எஃப், யானைக்கு டி, ராணிக்கு டாம் என்பதால் அதற்கும் டி உச்சரிப்பு, எழுத்து வேறு. ராஜாவுக்கு ஆர். இங்கிலீஷில் ஆர் என்றால் யானை! பிரெஞ்சில் ராஜா என்று எழுதியதைக் கம்ப்யூட்டர் யானை என்று படித்தால் 9-வது மூவில் என்ன, எங்கே வேண்டுமானாலும் நிற்கும். பி.ஜி.என். இங்கிலீஷ் எழுத்தை மட்டும்தான் ஏற்றுக்கொள்ளும்.

மேற்கோள்குறி | இரவு 9.11
தலைப்பு வரிகளைப் பாருங்கள். டோர்னமெண்ட் பெயர், ஊர், தேதி, ரவுண்டு, வெள்ளை, கருப்பு, ரிசல்ட் என்று ஏழு வரி சதுர அடைப்புக்குள் வரும். அதில் மேற்கோள்குறி நேராக இருக்க வேண்டும். சில போன் கீபோர்டுகள் அதை வளைத்து அழகாக்கிவிடும். எனக்கு ஒரு தடவை இதனால் ஒரு ராத்திரி போனது.

கெடிலக்கரை | இரவு 9.15
மேற்கோள்குறி தவறென்றால் தலைப்பிலேயே நின்றிருக்கும், 8 மூவ் ஓடியிருக்காதே. மாமா, பிரெஞ்சு எழுத்தாக இருந்தால் முதல் குதிரை மூவிலேயே நிற்கும். அம்மா, டைப் செய்ததை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போடுங்கள். இங்கே திரும்ப டைப் செய்ய வேண்டாம், படமாகவே வேண்டும். அது முக்கியம்.

மஞ்சக்குப்பம் அம்மா | இரவு 9.24
இணைத்திருக்கிறேன். ஷீட்டின் கார்பன் காப்பி மங்கலாக இருந்ததால் பையன் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொன்னான், நான் டைப் செய்தேன். காஸ்லிங்குக்கு ஓ எழுத்துதான் போட்டேன். பையன் வெள்ளை. சாருடைய கிளாஸ் புதுச்சேரியில், சனிக்கிழமை பஸ்ஸில் போவோம். மழையால் இந்த வாரம் கிளாஸ் இல்லை, அதனால்தான் போனில் அனுப்பச் சொன்னார்.

பலகை64 | இரவு 9.27
ஓ எழுத்து என்று நீங்கள் நினைக்கிறீர்கள். கீபோர்டில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். மறுபடி பாருங்கள்.

கெடிலக்கரை | இரவு 9.31
பலகை64, படத்தைப் பாருங்கள். கருப்பு 4-வது மூவிலேயே காஸ்லிங் செய்துவிட்டது. வெள்ளை 7-ல் செய்கிறது. இரண்டையும் தாண்டி 9 வரை ஓடுகிறது. சைபர்தான் தவறென்றால் 4-லேயே நின்றிருக்கும்.

அம்மா, கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைக்கிறேன். ஒரு கேள்வி. டைப் செய்தபோது சில எழுத்துகள் தானாகவே கேப்பிட்டலாக மாறினவா?

மஞ்சக்குப்பம் அம்மா | இரவு 9.36
ஆமாம். முதலில் முதல் மூவிலேயே எரர் வந்தது. டி கேப்பிட்டலாக இருந்தது. பையன் அது ஸ்மாலாக இருக்க வேண்டும் என்றான். அப்புறம் டி, சி, இ, ஏ எல்லாவற்றையும் தேடி ஸ்மாலாக மாற்றினேன். பி மட்டும் மாற்றவில்லை, பி கேப்பிட்டல் என்றால் பிஷப், அதாவது மந்திரி இல்லையா.

கெடிலக்கரை | இரவு 9.44
அதேதான். இதை முதலிலேயே சொல்லியிருந்தால் ஒரு மணி நேரம் மிச்சமாகியிருக்கும், பரவாயில்லை.

போன் கீபோர்டு புள்ளிக்குப் பிறகு ஒரு இடைவெளி வந்தால் புது வாக்கியம் தொடங்குகிறது என்று நினைத்து அடுத்த எழுத்தைக் கேப்பிட்டல் ஆக்கும். நீங்கள் 9 போட்டு, புள்ளி வைத்து, இடைவெளி விட்டு, வெள்ளையின் மூவை அடிக்கிறீர்கள். அது கேப்பிட்டல் ஆகிவிடுகிறது. கருப்பின் மூவுக்கு முன்னால் புள்ளி இல்லை, அதனால் அது தப்பிக்கிறது. உங்கள் படத்தில் கருப்பின் மூவ்கள் முழுக்கச் சரியாக இருப்பதற்குக் காரணம் அதுதான்.

இப்போது 8-வது மூவைப் பாருங்கள். வெள்ளை சிப்பாயை ஏ3 கட்டத்துக்கு நகர்த்துகிறது. கருப்பு மந்திரி சி3-ல் குதிரையை வெட்டுகிறது. அது கேப்பிட்டல் பி, சரி. 9-ல் வெள்ளை திருப்பி வெட்டுகிறது, அங்கேயும் கேப்பிட்டல் பி இருக்கிறது. ஆனால் வெள்ளையின் மந்திரிகள் எங்கே? ஒன்று சி1-ல், இன்னும் கிளம்பவே இல்லை. இன்னொன்று டி3-ல். இரண்டுமே மூலைவிட்டமாகப் போகிறவை, சி1-லிருந்தும் டி3-லிருந்தும் சி3-க்குப் போக வழியே கிடையாது. வெட்டியது மந்திரி இல்லை அம்மா, பி2-ல் நின்ற சிப்பாய். சிப்பாய்க்கு எழுத்து கிடையாது, அது எந்த நெடுவரிசையிலிருந்து (ஏ முதல் எச் வரை) வந்ததோ அந்த வரிசையின் ஸ்மால் எழுத்தைத்தான் போடுவோம். ஆகவே ஸ்மால் பி.

9-வது மூவில் அந்த ஒரு எழுத்தை மட்டும் மாற்றுங்கள். 5-வது மூவில் இருக்கும் பி நிஜமான மந்திரி, அதைத் தொடாதீர்கள். பி சிப்பாய் சி வரிசைக்குப் போய்விட்டதால் இதே தவறு பின்னால் வர வாய்ப்பு குறைவு. ஏ சிப்பாய் வெட்டிக்கொண்டு பி வரிசைக்கு வந்திருந்தால் மட்டும் கவனியுங்கள்.

மேற்கோள்குறி | இரவு 9.49
அருமை. கீபோர்டு செட்டிங்கில் தானாகக் கேப்பிட்டல் ஆக்குவதை அணைத்துவிட்டால் அடுத்த கேமுக்கு இந்தத் தொல்லை இருக்காது. அப்படியே மேற்கோள்குறியை வளைப்பதையும் அணையுங்கள்.

லாஸ்பேட்டை சிப்பாய் | இரவு 9.53
போர்டு படத்துக்கு வருகிறேன் அக்கா. கேம் முழுக்க ஓடிவிட்டால் போட்டோவே வேண்டாம். லிச்செஸ் என்ற செஸ் இணையதளத்தில் ஒரு ஸ்டடி (கேம்களைச் சேர்த்துவைக்கிற பக்கம்) திறந்து, புது சாப்டரில் பி.ஜி.என்.-ஐ ஒட்டுங்கள். சார் எந்த மூவுக்கு வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம், பக்கத்திலேயே குறிப்பும் எழுதலாம். ஒரு ஸ்டடியில் 64 சாப்டர் வரை போடலாம், டோர்னமெண்ட் கேம் எல்லாவற்றையும் அதிலேயே சேர்த்துவையுங்கள். லிங்க் வைத்திருப்பவர் மட்டும் பார்க்கிற மாதிரி வைக்கவும் வழி இருக்கிறது. இன்னொன்று, எதிராளியும் சின்னப் பிள்ளைதானே, அந்தப் பிள்ளையின் முழுப் பெயரைப் போடாதீர்கள். முதல் எழுத்து போதும்.

ஒரே ஒரு பொசிஷன் மட்டும் அனுப்ப வேண்டுமென்றால் ஃபென் என்று ஒரு வரி இருக்கிறது. 8-வது வரிசையில் ஆரம்பித்து இடமிருந்து வலமாக ஒவ்வொரு காய்க்கும் ஒரு எழுத்து, காலிக் கட்டங்களுக்கு எண்ணிக்கை, வரிசை முடிந்தால் சாய்கோடு. உங்கள் கேமில் வெள்ளையின் 9-வது மூவ் முடிந்ததும் கருப்பின் கடைசி வரிசை (8-வது) இப்படி வரும்: ஆர், 1, பி, க்யூ, 1, ஆர், கே, 1. அதாவது யானை, ஒரு காலி, மந்திரி, ராணி, ஒரு காலி, யானை, ராஜா, ஒரு காலி. ஒவ்வொரு வரிசையும் கூட்டினால் 8 கட்டம் வர வேண்டும், வராவிட்டால் எங்கோ விட்டுவிட்டோம் என்று அர்த்தம்.

இதில் ஒரு குழப்பம் இருக்கிறது, இப்போதே சொல்லிவிடுகிறேன். ஃபென்னில் கேப்பிட்டல் என்றால் வெள்ளைக் காய், ஸ்மால் என்றால் கருப்புக் காய். மூவ் எழுதும்போது ஸ்மால் பி ஒரு நெடுவரிசையின் பெயர். ஃபென்னில் அதே ஸ்மால் பி கருப்பு மந்திரி. எட்டு வரிசையும் முடிந்து ஒரு இடைவெளிக்குப் பிறகு தனியாக வரும் ஸ்மால் பி, அடுத்த மூவ் கருப்புடையது என்று சொல்கிறது. ஒரே எழுத்துக்கு மூன்று அர்த்தம். யார் மூவ் என்று நான் கேட்டது இதற்காகத்தான். அது தெரியாத பொசிஷனைப் பார்த்து சார் ஒன்றும் சொல்ல முடியாது.

முத்தியால்பேட்டை மாமா | இரவு 10.02
எல்லோரும் மந்திரி மந்திரி என்கிறீர்கள். எங்கள் தாத்தா வீட்டில் ராஜாவுக்குப் பக்கத்தில் நிற்கிற பெரிய காயைத்தான் மந்திரி என்பார்கள், இப்போது ராணி என்கிறீர்களே அது. யோசித்தால் அதுதான் பழையது. பாரசீகத்தில் அந்தக் காய் அமைச்சர்தான், ஐரோப்பாவுக்குப் போன பிறகுதான் ராணி ஆனது. பிரெஞ்சில் உங்கள் மந்திரிக்குப் பெயர் ஃபூ. அரசவைக் கோமாளி என்று அர்த்தம்.

பலகை64 | இரவு 10.06
ஓரத்தில் நிற்பது கோட்டை. யானை என்று சொல்லிக்கொடுப்பதால்தான் பிள்ளைகள் சர்வதேசப் போட்டியில் தடுமாறுகிறார்கள். கோட்டை என்றால்தான் காஸ்லிங் என்ற சொல்லே புரியும்.

லாஸ்பேட்டை சிப்பாய் | இரவு 10.10
எந்தப் பிள்ளையும் தடுமாறவில்லை. யானை என்று சொல்லி வளர்ந்த பிள்ளைகள்தான் இங்கே கிராண்ட்மாஸ்டர் ஆகிறார்கள். 2022-ல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்தபோது வேட்டி கட்டிய குதிரையைத் தம்பி என்று வைத்தார்கள். யாருக்கும் குழப்பம் வரவில்லை.

முத்தியால்பேட்டை மாமா | இரவு 10.15
பழைய சதுரங்கத்தில் ஓரத்தில் நின்றது தேர். யானை அதற்கு உள்ளே, இன்றைய மந்திரி இடத்தில் நின்றது என்றுதான் பலரும் எழுதியிருக்கிறார்கள். ரஷ்யர்கள் இன்றைக்கும் மந்திரியை ஸ்லோன் என்கிறார்கள், யானை என்றுதான் பொருள். ஸ்பானிய மொழியில் அல்ஃபில், அதுவும் அரபு வழியாக வந்த யானை. கோட்டைதான் எல்லோருக்கும் பின்னால் வந்தது.

பலகை64 | இரவு 10.19
சரித்திரம் பேசினால் பிள்ளை ரேட்டிங் ஏறாது.

கெடிலக்கரை | இரவு 10.22
பெயர் எதுவானாலும் கட்டம் மாறாது. ஒவ்வொரு ஊரும் ஒவ்வொரு பெயர் வைத்துக்கொள்ளட்டும், கட்டத்துக்கு சி3 என்றால் கடலூரிலும் சி3, மாஸ்கோவிலும் சி3. இந்தப் பேச்சுக்குத் தனி இழை தொடங்குங்கள். அந்த அம்மா காலையில் வந்து தேடினால் பதில் கிடைக்க வேண்டும்.

அம்மா, மாற்றிப் பார்த்தீர்களா?

முத்தியால்பேட்டை மாமா | இரவு 10.30
மன்னிக்கவும், ஒரு திருத்தம். மேலே யானைக்கும் ராணிக்கும் டி என்று எழுதியது தமிழ் எழுத்தில் குழப்பமாக இருக்கும். யானைக்கு தூர் என்பதன் முதல் எழுத்து, ராணிக்கு டாம் என்பதன் முதல் எழுத்து. இரண்டும் வேறு.

மஞ்சக்குப்பம் அம்மா | காலை 6.41
ஸ்மால் பி போட்டேன். 31 மூவும் ஓடிவிட்டது. பையன் எழுந்ததும் கேட்டேன், கருப்பு மூவ் என்றான். ஸ்டடி லிங்க் சாருக்கு அனுப்பியாயிற்று. கெடிலக்கரை சாருக்கும் எல்லோருக்கும் ரொம்ப நன்றி. ஸ்கூலுக்கு நேரமாகிவிட்டது.

கெடிலக்கரை | காலை 7.05
மகிழ்ச்சி அம்மா. நேரம் கிடைக்கும்போது லிங்கை இங்கேயும் போடுங்கள். 9 மூவ் வரை பையன் ஆடியது நிம்சோ இந்தியன் என்ற தொடக்க ஆட்டம், சுத்தமாக. அதற்குப் பிறகு கருப்பு சி4-ல் வெட்டியதா, டி3 மந்திரி திருப்பி வெட்டியதா என்று பார்க்க ஆசையாக இருக்கிறது.

லாஸ்பேட்டை சிப்பாய் | மாலை 5.20
எனக்கும் லிங்க் வேண்டும் அக்கா.