வைஃபை ஃபுல்லா காட்டும், நெட் வராது: கேம்பஸ் அனுபவங்கள்

மண்டபத்தான்

நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஸ்காலர்ஷிப் விண்ணப்பத்துக்கு அன்றுதான் கடைசி நாள். இரவு பதினொன்றேகால். போனில் அன்றைய ஒன்றரை ஜிபி சாயங்காலமே காலி. ரீசார்ஜ் பண்ணச் சொல்ல ஆள் இல்லை. புதன்கிழமை, அப்பா கடலில். அம்மாவிடம் இருப்பது பட்டன் போன்.

ஹாஸ்டல் அறைக்குள் வைஃபை எப்படி என்று உங்களுக்கே தெரியும். மொட்டை மாடியில் தண்ணி டேங்குக்குக் கீழே குத்த வைத்தால்தான் கிடைக்கும். அன்று அங்கே ஃபுல்லாகக் காட்டியது, பக்கத்தில் மட்டும் ஒரு சின்ன ஆச்சரியக்குறி. பதிவு எண் போடுகிற லாகின் பக்கம் வந்தால்தானே உள்ளே போக முடியும்? அது வரவே இல்லை. ஆஃப் பண்ணி ஆன் பண்ணினேன், ஃபர்கெட் கொடுத்தேன், போனையே அணைத்துப் போட்டேன். வெள்ளைப் பக்கம்தான்.

டார்ச்சோடு வாட்ச்மேன் மேலே வந்தார். கீழே இறங்கச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். "தம்பி, நாலு ஒண்ணு அடிச்சீங்களா?" என்றார். புரியவில்லை. என் தோளுக்கு மேலே குனிந்து முகவரி போடும் இடத்தில் விரலை வைத்துக் காட்டினார். "இங்க. ஒண்ணு, புள்ளி, ஒண்ணு, புள்ளி… நாலு ஒண்ணு வரணும்." அடித்தேன். நீலப் பட்டை, காலேஜ் சின்னம், இரண்டு கட்டம். வந்துவிட்டது!

எந்த சீனியர் அவருக்குச் சொன்னாரோ. 11:52க்கு விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. திரும்பிப் பார்த்தால் டார்ச் வெளிச்சம் பக்கத்து பிளாக் படிக்கட்டில் ஏறிக்கொண்டிருந்தது. அவர் பெயரைக் கூடக் கேட்கவில்லை. ஆறு வருஷமாக உறுத்துகிறது.

கீழக்கரைப் புள்ள

எனக்கு நெட் வராதது பிரச்சினை இல்லை. என் பெயரில் வேறு யாருக்கோ நன்றாக வந்ததுதான் பிரச்சினை.

பதிவு எண்தான் யூசர்நேம், பிறந்த தேதி பாஸ்வேர்ட். முதல் வருஷம் கொடுத்ததை யாரும் மாற்றுவதில்லை, நானும் மாற்றவில்லை. கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்பில் பிறந்தநாள் வாழ்த்து விழுகிறது, அட்டெண்டன்ஸ் தாளில் பதிவு எண் வரிசையாக இருக்கிறது. அப்புறம் என்ன ரகசியம்?

நோன்பு மாதம். ஒருநாள் துறைத் தலைவர் கூப்பிட்டார். மேசையில் ஒரு பிரிண்ட் அவுட். என் பதிவு எண்ணைச் சுற்றி சிவப்பு மையில் வட்டம், பேனா அழுத்தி அழுத்திப் போட்டதில் தாளே கிழிந்திருந்தது. விடிகாலை 3:40, பக்கத்தில் ஏதோ படம் இறக்கின கணக்கு. "இந்த நேரத்துல முழிச்சிருந்தியாம்மா?" என்று கேட்டார்.

முழிச்சுத்தான் இருந்தேன். சஹர் நேரம். வீட்டில் உம்மா சோறு போட்டுக்கொண்டிருந்தார்கள். பொய் சொல்லத் தோன்றவில்லை. "ஆமா சார்" என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார், அவ்வளவுதான், கேஸ் முடிந்த மாதிரி. நான் ஹாஸ்டலிலேயே இல்லை, கேம்பஸுக்கு வெளியே அந்த வைஃபை எட்டாது என்பது வெளியே வந்து செருப்பு மாட்டும்போதுதான் உறைத்தது. திரும்பி உள்ளே போய்ச் சொல்ல தைரியம் வரவில்லை. ரெண்டு வாரம் என் வைஃபை கணக்கு லாக். வாப்பாவிடம் இன்று வரை சொல்லவில்லை.

போர்ட் எண்பது

மண்டபத்தான் சொன்ன 'நாலு ஒண்ணு' வைத்தியத்தை யாரும் கண்ணை மூடிக்கொண்டு செய்ய வேண்டாம். அது அந்தக் காலம். பழைய வைஃபை கன்ட்ரோலர்கள் (கேம்பஸ் வைஃபை பெட்டிகளை மொத்தமாக நிர்வகிக்கும் கருவி) பலவற்றில் 1.1.1.1 என்பதையே லாகின் பக்கத்தின் முகவரியாக வைத்திருந்தார்கள், யாரும் அதைப் பயன்படுத்தவில்லை என்ற தைரியத்தில். 2018 ஏப்ரல் 1 அன்று கிளவுட்ஃபிளேர் நிறுவனம் அதே முகவரியில் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தருவது) சேவை தொடங்கிவிட்டது. (தேதியைப் பார்த்து விளையாட்டு என்று நினைத்தவர்கள் உண்டு.) அதன் பிறகு பல இடங்களில் கன்ட்ரோலர் முகவரியை மாற்ற வேண்டியதாயிற்று. உங்கள் காலேஜில் மாற்றவில்லை போல, அதனால் வேலை செய்திருக்கிறது.

வெள்ளைப் பக்கம் வருவதற்குக் காரணம் வேறு. இப்போது ஏறக்குறைய எல்லாத் தளமும் ஹெச்டிடிபிஎஸ். பூட்டுப் போட்ட தபால் மாதிரி, நடுவில் இருக்கும் காலேஜ் பெட்டியால் அதைப் பிரித்து லாகின் பக்கத்தைச் செருக முடியாது. பூட்டில்லாத பக்கம் ஒன்றைக் கேட்டால்தான் அது திருப்பிவிடும். அதற்காகவே நெவர்எஸ்எஸ்எல் டாட் காம் என்று ஒரு தளம் இருக்கிறது. அதை அடியுங்கள். போனில் பிரைவேட் டிஎன்எஸ் போட்டிருந்தால் அணையுங்கள். விபிஎன் இருந்தால் அதையும். மொபைல் டேட்டா ஆன் ஆக இருந்தால் அதையும். கீழக்கரைத் தங்கச்சி பாஸ்வேர்டை உடனே மாற்றட்டும், பன்னிரண்டு எழுத்துக்குக் குறையாமல்.

என் அனுபவமா? சின்னதுதான். போனைப் பதிவு செய்ய மேக் அட்ரஸ் (வைஃபையில் போனை அடையாளம் காட்டும் எண்) எழுதித் தரச் சொன்னார்கள். போன் செட்டிங்ஸில் 'அபௌட்' பகுதியில் இருந்ததைப் பார்த்துப் படிவத்தில் எழுதிக் கொடுத்தேன். நெட் வரவில்லை. கிளார்க் என் கையெழுத்தைக் குறை சொன்னார், பி போட்டதை எட்டு என்று படித்தாராம். மூன்று படிவம் எழுதினேன். விஷயம் என்னவென்றால் ஆண்ட்ராய்டு 10 வந்ததிலிருந்து (2019) போன் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு பொய் மேக் அட்ரஸைக் காட்டும். ஐபோனில் அடுத்த வருஷம், ஐஓஎஸ் 14இல் வந்தது. அந்த வைஃபையின் பிரைவசி செட்டிங்கில் போய் 'டிவைஸ் மேக்' என்று மாற்றினால் தீர்ந்தது. நாலாவது படிவம் இன்னும் என் பையில் இருக்கிறது.

பாக்ஜலசந்தி

எங்கள் கேம்பஸில் யூடியூபை அடைத்து வைத்திருந்தார்கள். என்பிடெல் (ஐஐடிகள் நடத்தும் ஆன்லைன் பாடம்) கோர்ஸ் கட்டாயம் என்றார்கள். என்பிடெல் வீடியோ எதில் ஓடுகிறது? யூடியூபில். சொன்னதற்கு "லைப்ரரியில டவுன்லோட் பண்ணிக்கோங்க" என்றார்கள். லைப்ரரியிலும் அதே வைஃபை. இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

உப்புக்காத்து

நான் படிக்கிறவன் இல்லை, மாட்டுகிறவன். உச்சிப்புளிப் பக்கம். கான்ட்ராக்டில் வைஃபை பெட்டி, கேபிள் வேலை பார்க்கிறேன். போர்ட் எண்பது சார் சொல்வதெல்லாம் சரியாகவே இருக்கட்டும், ஆனால் பாதி நாள் கோளாறு அவர் சொல்லும் இடத்தில் இருக்காது.

போன ஆடியில் ஆண் கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் பார்த்த ஒரு கட்டடத்தில் ஏணி போட்டு ஏறினேன். ஒரு மாதமாக 'நெட் ஸ்லோ' என்று புகார். கச்சான் காற்று ஆளைத் தள்ளுகிறது, ஒரு கையால் பைப்பைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பெட்டியைத் திறந்தேன். கேபிள் முனையில் எட்டுக் கம்பியில் மூன்று பச்சையாகப் பூத்துப் போயிருந்தது. தொட்டதும் மாவு மாதிரி உதிர்ந்தது. மூலையில் ரெண்டு பல்லி முட்டை. ஜிகாபிட் ஓடுவதற்கு எட்டுக் கம்பியும் வேண்டும். நாலு தேறினால் நூறு மெகாபிட்டுக்கு இறங்கி ஓடும். அதை அம்பது ரூம் பங்கு போட்டால் ஸ்லோ ஆகாமல் என்ன செய்யும்?

உள்ளே வைக்கிற கேபிளையும் முனையையும் வெளியே மாட்டச் சொல்வார்கள், விலை குறைவு. ஈரம் புகாத ஜெல் போட்டதைக் கேட்டால் பில் தாங்காது என்பார்கள். கீழே நாலு பையன்கள் நின்று, "அண்ணே, இன்னிக்காச்சும் வருமா?" என்று கத்தினார்கள். என்னை என்னவோ நானே கழற்றி வைத்திருந்த மாதிரி. முனையை வெட்டிப் புதுசு போட்டுவிட்டு, முட்டையைப் பஞ்சில் எடுத்து ஜன்னல் திண்டில் வைத்துவிட்டு இறங்கினேன்.

மண்டபத்தான்

போர்ட் எண்பது அண்ணே, நான் யோசனை கேட்கவில்லையே! எனக்கு வேலை முடிந்து ஆறு வருஷம் ஆகிறது. அந்த வாட்ச்மேனுக்கு டிஎன்எஸ் தெரியாது, ஆனால் அன்றைக்கு மாடிப்படி ஏறி வந்தது அவர்தான்.

போர்ட் எண்பது

தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் தம்பி. இப்போது படிக்கிறவர்கள் யாராவது பார்த்தால் உதவுமே என்றுதான். அவசரத்தில் ஒன்றை விட்டுவிட்டேன், 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 மூன்று சேனல்தான் ஒன்றோடொன்று மோதாது, ஹாஸ்டலில் ஆளுக்கொரு ஹாட்ஸ்பாட் போட்டால்…

கீழக்கரைப் புள்ள

அண்ணே, பாஸ்வேர்டை மாற்றியாச்சு. படிப்பே முடிஞ்சாச்சு.

உப்புக்காத்து

மண்டபத்தான் தம்பி, தண்ணி டேங்க் கால் ஓரத்தில், சாம்பல் கலர் பெட்டி, கேபிளைச் சணல் கயிற்றால் கட்டியிருந்ததா? கேபிள் கட்டுகிற பிளாஸ்டிக் டேக் தீர்ந்துபோய் நான் கயிற்றால் கட்டினது ஒரே ஒரு இடத்தில்தான்.