வீட்டில் ஆடும் கணக்கு விளையாட்டுகள்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மூன்றாம் வகுப்புப் பெண்ணின் அம்மா:

எங்கள் வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து ஆடுவது பகடைப் பந்தயம். தாளில் 2 முதல் 12 வரை எழுதி, ஒவ்வோர் எண்ணுக்கு நேராகவும் பத்துக் கட்டம் போடுவோம். ஆளுக்கு ஓர் எண். இரண்டு பகடையை உருட்டிக் கூட்டினால் எந்த எண் வருகிறதோ, அதன் காய் ஒரு கட்டம் நகரும். கடைசிக் கட்டத்தை முதலில் தொடும் காய் ஜெயித்தது.

மகள் 12-ஐத்தான் பிடிப்பாள். பெரிய எண் ஜெயிக்கும் என்பது அவள் கணக்கு. அது நின்ற இடத்திலேயே நிற்க, 6, 7, 8 மூன்றும் ஓடிக்கொண்டே இருக்கும். ஏன் என்று நான் சொல்லவில்லை. பெரியவர்கள் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தால்தான் இந்த ஆட்டத்துக்கே அர்த்தம். ஒருநாள் அவளே சொன்னாள்: "12-க்கு ரெண்டுலயும் ஆறு விழணும். 7-க்கு முதல் பகடையில எது விழுந்தாலும் பரவாயில்லையேம்மா!"

அடுத்து அப்பாவுக்கும் அவளுக்கும் வழக்கு: 3-ம் 4-ம், 4-ம் 3-ம் ஒன்றா, இரண்டா? சிவப்புப் பகடை ஒன்று, நீலப் பகடை ஒன்று என்று மாற்றியதும் தகராறு தீர்ந்தது. 36 கட்டம் போட்டு நிரப்பினாள். 7-க்கு 6 வழி, 12-க்கு ஒரே வழி.

அதோடு விடவில்லை. எல்லாருக்கும் சமமாக இருக்க, 7-க்கு 6 கட்டம், 12-க்கு 1 கட்டம் என்று பாதையையே மாற்றினாள். இப்போது 2-ம் 12-ம் அடிக்கடி ஜெயிக்கின்றன! ஒரே ஒரு விழுகை போதும் என்பதால் அதிர்ஷ்டம் அவற்றுக்குக் கை கொடுத்துவிடுகிறது. பாதையை இரட்டிப்பாக்கினால், அதாவது 7-க்கு 12 கட்டம், 12-க்கு 2 கட்டம் என்று போட்டால், வித்தியாசம் குறையும் என்கிறாள். அதைத்தான் இப்போது ஆடிப் பார்க்கிறோம்.

எட்டாம் வகுப்புப் பேரனின் தாத்தா:

கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு 6174-ஐக் காட்டுங்கள். நான்கு இலக்க எண் ஒன்று எடுக்க வேண்டும். நான்கு இலக்கமும் ஒன்றாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. இலக்கங்களை இறங்குவரிசையில் எழுதி, ஏறுவரிசையில் எழுதியதைக் கழிக்கச் சொல்லுங்கள். வரும் விடையிலும் அதையே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். பேரன் 3524 எடுத்தான்.

5432 − 2345 = 3087
8730 − 0378 = 8352
8532 − 2358 = 6174

அதற்கு மேல் எத்தனை முறை செய்தாலும் 6174-தான். எந்த எண்ணில் தொடங்கினாலும் அதிகபட்சம் ஏழு படியில் அங்கே வந்து சேரும். விடை மூன்று இலக்கமாகச் சுருங்கினால் முன்னால் பூஜ்யம் போட மறக்காதீர்கள்; ஆட்டம் சறுக்குவது பெரும்பாலும் அங்கேதான். இதைக் கண்டவர் டி. ஆர். காப்ரேகர், நாசிக் அருகே தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். பள்ளி ஆசிரியர் என்றதும் பேரன் நிமிர்ந்து உட்கார்ந்தான். கழித்தல் பயிற்சி என்று தாளை நீட்டினால் முகம் சுளிக்கும் பிள்ளை, பக்கம் பக்கமாகக் கழித்துக்கொண்டிருந்ததைப் பார்க்க அவ்வளவு சந்தோஷம். மூன்று இலக்கத்துக்கும் இப்படி ஓர் எண் உண்டு. அதை நான் இங்கே சொல்லப் போவதில்லை, உங்கள் பிள்ளைகளே பிடிக்கட்டும்.

அக்கா பிள்ளைகளோடு ஆடும் சித்தி:

பகடைகூட வேண்டாம், 21 பொத்தான் போதும். மாற்றி மாற்றி 1, 2 அல்லது 3 எடுக்கலாம். கடைசிப் பொத்தானை எடுப்பவருக்கு வெற்றி. சின்னவன் தோற்றுத் தோற்றுக் கடைசியில் ஒன்றைப் பிடித்துவிட்டான்: தன் முறை வரும்போது 4 மிச்சம் இருந்தால் அவ்வளவுதான், எதை எடுத்தாலும் தோல்வி. அதிலிருந்து பின்னோக்கிப் போய் 8, 12 என்று இப்போது எண்ணிக்கொண்டிருக்கிறான். 16-ஐ இன்னும் தொடவில்லை. முதலில் ஆடுபவர் எத்தனை எடுக்க வேண்டும் என்று யாரும் அவனிடம் சொல்லிவிடாதீர்கள் என வீட்டில் எல்லாரையும் கெஞ்சி வைத்திருக்கிறேன்.