வெளியூர் மராத்தானுக்குப் போனால் எங்கே தங்குவது? தருமபுரி, கிருஷ்ணகிரி ஓட்டக்காரர்களின் அனுபவங்கள்

தொப்பூர்க்காரன், தருமபுரி

ஜனவரி தொடக்கத்தில் வரும் சென்னை மராத்தானுக்கு நம் பக்கத்திலிருந்து போகிறவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். எந்த ஷூ, எந்த எனர்ஜி ஜெல் என்று மாதக்கணக்கில் பேசுகிறோம். அறையை மட்டும் கடைசி வாரத்தில், ஆப்பில் எது மலிவோ அதைப் போட்டுவிட்டுக் கிளம்புகிறோம். என்னைக் கேட்டால் ஏசி, டிவி, கடல் தெரியும் ஜன்னல் எல்லாம் அப்புறம். விடியற்காலை மூன்று மணிக்கு அந்த அறையிலிருந்து தொடக்க இடத்துக்கு எப்படிப் போவோம் என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

சென்னையில் அண்மை ஆண்டுகளில் முழு மராத்தான் நேப்பியர் பாலத்தில் தொடங்கி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் உத்தண்டிப் பக்கம் முடிகிறது. அரை மராத்தானுக்குத் தொடக்கம் பெசன்ட் நகர் கடற்கரை. ஓடி முடித்ததும் விழுந்து படுக்கலாம் என்று ஈசிஆரில் அறை போடுகிறவர்கள் உண்டு. காலை பத்து மணிக்கு உத்தண்டியிலிருந்து எப்படியாவது ஊருக்குள் வந்துவிடலாம். மூன்று மணிக்கு அங்கிருந்து கிளம்புவதுதான் பெரும்பாடு. பந்தயத்துக்காகச் சாலையை வேறு மூடிவிடுவார்கள். மெட்ரோ சில ஆண்டுகளில் மூன்று மணிக்கே ஓடியிருக்கிறது, ஆனால் அந்த ஆண்டு அறிவிப்பு வரும்வரை அதை நம்பி அறை போடாதீர்கள்.

நான் தங்குவது திருவல்லிக்கேணி மேன்ஷனில். நேப்பியர் பாலத்துக்கு நடந்தே போகலாம், அதுவே எனக்கு உடம்பைச் சூடாக்கும் பயிற்சி. ஒன்று சொல்லிவிடுகிறேன், மேன்ஷன்களில் இரவு கேட்டைப் பூட்டிவிடுவார்கள். ராத்திரியே வாட்ச்மேனிடம் சொல்லி வைத்திருந்தேன். மூன்று மணிக்குக் குளித்துவிட்டு இறங்கி வந்தவனைப் பார்த்து அந்தப் பெரியவர், “சாமி, மலைக்குக் கிளம்பியாச்சா?” என்று கேட்டார். மார்கழி மாதம், அந்த நேரத்துக் குளியல், அவர் மேல் தப்பில்லை. நெஞ்சில் குத்தியிருந்த ஓட்ட எண் அட்டையைக் காட்டி விளக்கினேன். “காசு கட்டியா ஓடுறீங்க?” என்றபடி பூட்டைத் திறந்துவிட்டார்.

அடுத்தது செக் அவுட். பல லாட்ஜ்களில் 24 மணி நேரக் கணக்கு. சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு பஸ் இறங்கிய கையோடு அறை எடுத்தால் ஞாயிறு காலை ஏழு மணிக்குக் காலி செய்ய வேண்டும். அப்போது நாம் எங்கே இருப்போம்? முப்பதாவது கிலோமீட்டரைக்கூடத் தொட்டிருக்க மாட்டோம். அதனால் காலையில் போய் பிப் (அந்த எண் அட்டைதான்) வாங்கிவிட்டு, சாப்பிட்டுவிட்டு, மதியம் இரண்டு மணிக்கு மேல் அறை எடுங்கள். வைகுண்ட ஏகாதசி பக்கத்தில் வந்தால் பார்த்தசாரதி கோயில் கூட்டத்தில் அந்த வட்டாரத்தில் அறை கிடைப்பது கஷ்டம், முன்கூட்டியே போட்டு வையுங்கள்.

மாங்கனி ரன்னர், கிருஷ்ணகிரி

அண்ணா, எங்களுக்கு பெங்களூரு 90 கிலோமீட்டர்தான். லாட்ஜ் பிரச்சினையே இல்லை, எங்கள் பிரச்சினை சொந்தக்காரர்கள்.

என் அத்தை வீடு அல்சூரில். 10கே (பத்து கிலோமீட்டர்) ஓட்டம் நடக்கும் மானெக்‌ஷா மைதானத்துக்கு வெகு பக்கம். தூரத்தை மட்டும் பார்த்தால் அதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் சனிக்கிழமை ராத்திரி மட்டன் குழம்பு வைத்து, “ஓடப் போற புள்ள வெறும் தயிர் சோறு தின்னா எப்படி ஓடும்?” என்று தட்டில் போட்டுக்கொண்டே இருப்பார். சாப்பாடு முடிந்ததும் மாமா ஊர்ச் சொத்து விவகாரத்தை எடுப்பார். மணி பதினொன்றாகிவிடும். காலையில் நான் அலாரம் வைத்தால் அந்த ஒற்றைப் படுக்கையறை வீடு மொத்தமும் எழுந்து உட்காரும். எனக்கே சங்கடமாக இருக்கும்.

அத்தை இருக்கும் ஊரில் லாட்ஜில் தங்கினால் அது குடும்பத்தில் ஒரு வழக்காகிவிடும், தெரியும்தானே? அதனால் “எங்கள் குழு மொத்தமும் ஒரே இடத்தில் தங்க வேண்டும், கோச் உத்தரவு” என்று சொல்லி வைத்திருக்கிறேன். கோச் என்று எங்களுக்கு யாரும் கிடையாது. தமிழ்நாட்டு பஸ்கள் வந்து நிற்கும் சாந்திநகர் பக்கமே அறை போட்டுக்கொள்கிறோம். ஓட்டம் நடக்கும் இடம் கன்டீரவா அரங்கம், மானெக்‌ஷா மைதானம் எதுவானாலும் அங்கிருந்து பக்கம்தான். ஓட்டம் முடிந்ததும் நேராக அத்தை வீடு. மட்டன் குழம்பை அப்போது ஒரு பிடி பிடிக்கலாம், மாமாவின் சொத்து விவகாரத்தைக் கேட்டபடியே தூங்கியும் விடலாம்.

ஓசூர் அதிகாலை, ஓசூர்

பெங்களூரு ஓட்டங்களுக்கு நான் தங்குவதே இல்லை. வீட்டிலிருந்து 40 கிலோமீட்டர். ஞாயிறு காலை நாலு மணிக்கு எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம் காலியாகக் கிடக்கும். தொந்தரவு பிப் வாங்கும் நாள்தான். ஓட்டத்தன்று தர மாட்டார்கள், வெள்ளி அல்லது சனிக்கிழமை போயாக வேண்டும், அன்று ஓசூர் சாலை எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. 2025 ஆகஸ்டில் பொம்மசந்திராவிலிருந்து மஞ்சள் பாதை மெட்ரோ வந்த பிறகு அந்த வேலை எளிதாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மெட்ரோ வழக்கமாக ஏழு மணிக்குத்தான் தொடங்கும், சிறப்பு ரயில் அறிவித்தால் ஒழிய ஓட்டத்தன்று அது உதவாது.

சென்னைக்கு மேன்ஷன் யோசனை ஆண்களுக்குச் சரி. தனியாகப் போகும் பெண்கள் ஆப்பில் பணம் கட்டினாலும் அத்தோடு விடாதீர்கள், போன் போட்டுப் பேசுங்கள். ஒரு லாட்ஜில் பையோடு போய் நின்ற பிறகு, “தனியா வர்ற லேடீஸுக்கு ரூம் கிடையாது மேடம்” என்றார்கள். பணம் திரும்ப வந்தது, அறை வரவில்லை. பிப் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பென்னாகரம் டீச்சர் ஒருவரிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். எழும்பூரில் அவர் எடுத்திருந்த இரட்டைக் கட்டில் அறையில் என்னையும் சேர்த்துக்கொண்டார். காலையில் ஒரே டாக்ஸியில் போனோம். இப்போதெல்லாம் இருவரும் சேர்ந்தே பதிவு செய்கிறோம்.

போனில் நான் கேட்பது: ராத்திரி ரிசப்ஷனில் ஆள் இருப்பாரா, மூன்று மணிக்கு வண்டி உள்ளே வர விடுவார்களா, கட்டடத்தில் கல்யாண மண்டபம் இருக்கிறதா. கடைசிக் கேள்வியைக் கேட்டுச் சிரிப்பார்கள். சனிக்கிழமை கல்யாண ரிசப்ஷன், பாட்டுக் கச்சேரி, ஞாயிறு முகூர்த்தம் என்று ஒரு இரவைக் கழித்தவர்களுக்கு அது சிரிப்பாக இருக்காது.

தொப்பூர்க்காரன், தருமபுரி

மண்டப விஷயம் நல்ல யோசனை, எனக்குத் தோன்றவில்லை.

ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார், காலை உணவு சேர்ந்த அறைக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாமா என்று. வேண்டாம். அவர்கள் இட்லி எடுத்து வைக்கும் நேரத்தில் நீங்கள் பாதி தூரம் போயிருப்பீர்கள். ராத்திரியே இரண்டு வாழைப்பழமும், வீட்டிலிருந்து கொண்டுபோன ராகி மாவும் இருந்தால் போதும். வெந்நீருக்கு அறையில் கெட்டில் உண்டா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். லிஃப்ட்டும் கேளுங்கள். போகும்போது மூன்றாவது மாடி ஒன்றும் தெரியாது, திரும்பி வரும்போது ஒவ்வொரு படியும் தெரியும்.

அன்று இரவே ஸ்லீப்பர் பஸ்ஸில் ஊர் திரும்புகிறவர்கள் டிக்கெட் போடும்போதே கீழ் பெர்த் பார்த்துப் போடுங்கள். எனக்கு மேல் பெர்த்தான் கிடைத்தது, கண்டக்டரும் இன்னொரு பயணியும் சேர்ந்து என்னை மேலே தள்ளிவிட்டார்கள். தருமபுரியில் இறங்க வைத்ததும் அவர்கள்தான்.