இடது கைக்குள் முடிந்துவிடும் சொற்கள்: எல்லையோர டைப்ரைட்டிங் வகுப்பு அனுபவங்கள்

செங்கோட்டைக்காரன்:

இங்கே இருப்பவர்கள் எல்லோரும் டைப்ரைட்டிங் படித்தவர்கள்தான் என்பதால் ஏ, எஸ், டி, எஃப், ஜி, எஃப் என்ற முதல் பாடத்தின் கதையை விட்டுவிடுகிறேன். எங்கள் இன்ஸ்டிடியூட்டுக்கு மலைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவு, தென்மலையிலிருந்தும் பிள்ளைகள் வருவார்கள். அப்படி வந்துகொண்டிருந்த ஒரு பெண் திடீரென்று வலது கையில் மாவுக்கட்டோடு வந்து நின்றாள். மாதக் கட்டணம் கட்டியாகிவிட்டது, வீணாக்க மனமில்லை. "கை சரியானதும் வா அம்மா" என்று சார் அனுப்பிவிடுவார் என்றுதான் நினைத்தோம். அவர் மேசை இழுப்பறையைத் திறந்து, பழுப்பேறிய ஒரு தாளை எடுத்து அவள் மெஷினுக்குப் பக்கத்தில் வைத்தார்.

ஸ்டூவர்டெசஸ், ரிவர்பரேட்டட், டெசக்ரிகேட்டட், எக்ஸாஜரேட்டட், வாட்டர்கிரெஸ் என்று பக்கம் முழுவதும் இருந்தது. எல்லாமே விசைப்பலகையின் இடப் பாதியில், இடது கை விரல்களுக்கு உரிய விசைகளுக்குள்ளேயே முடிந்துவிடும் ஆங்கிலச் சொற்கள். முதல் மூன்றும் ஆங்கிலத்தில் 12 எழுத்து. தாள் சுற்றிய உருளையோடு நகரும் கேரியேஜைத் தள்ளும் நெம்புகோலும் இடப்பக்கம்தானே? ஸ்பேஸ் பாருக்கு வலது கட்டைவிரல் என்ற விதியை மட்டும் சார் தளர்த்தினார். தாள் மாட்டிக்கொடுப்பது பக்கத்து மெஷினில் இருந்த என் வேலை.

ரிவர்பரேட்டட் வரும்போதெல்லாம் எழுத்துக் கம்பிகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். அடித்த அதே கையால் அவற்றைப் பிரித்துவிட்டு, விரல் நுனியிலிருந்த மையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, விட்ட எழுத்திலிருந்து தொடர்வாள். அவள் லோயர் தேர்வில் தேறினாளா என்பது தெரியவில்லை. என்னை அரிப்பது அதுவுமல்ல. அந்தத் தாள் அன்றைக்கு எழுதியதில்லை, மடித்த இடமெல்லாம் கிழிந்திருந்தது. அவளுக்கு முன்னால் அதை சார் யாருக்காகத் தயாரித்தார்?

வாளையாறு வழி:

உங்கள் கதை உருக்கமானது. என்னுடையது அப்படியில்லை.

"தி குயிக் பிரௌன் ஃபாக்ஸ் ஜம்ப்ஸ் ஓவர் தி லேஸி டாக்" என்று நரி நாயைத் தாண்டும் வாக்கியம் எல்லோருக்கும் தெரியும், ஆங்கிலத்தின் 26 எழுத்தும் அதில் வந்துவிடும். எங்கள் மாஸ்டருக்கு அது அலுத்துவிட்டது. "பேக் மை பாக்ஸ் வித் ஃபைவ் டஜன் லிக்கர் ஜக்ஸ்" என்பதைத்தான் கொடுப்பார். நரிக்கு 35 எழுத்து வேண்டும், இதற்கு 32 போதும் என்பது அவருடைய வாதம். அதை ஒரு பக்கம் முழுக்க அடித்து, வீட்டில் காட்டுவதற்காகப் பையில் வைத்துக்கொண்டு கோயம்புத்தூரிலிருந்து பாலக்காடு பஸ்ஸில் வந்தேன். மாநில எல்லையான வாளையாற்றில், மதுக் கடத்தலைப் பிடிக்கும் எக்சைஸ் சோதனை. பையைத் திறந்தவர் கையில் முதலில் சிக்கியது அந்தத் தாள்.

என் பெட்டியில் ஐந்து டஜன் மதுக் குடுவைகளை அடுக்கு, என் பெட்டியில் ஐந்து டஜன் மதுக் குடுவைகளை அடுக்கு... வரிக்கு வரி அதேதான். மனிதர் கடைசி வரி வரை வாசித்தார். பஸ்ஸே என்னைப் பார்த்தது. டைப்ரைட்டிங் பயிற்சி என்று விளக்கினேன், ஒரு வாக்கியத்தில் 26 எழுத்தும் இருக்கிறது என்றேன். அவர் விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேட ஆரம்பித்துவிட்டார். டிரைவர் ஹாரன் அடிக்கிறார், அவர் நிமிரவில்லை. இஸட் எங்கே என்று கேட்டார், டஜனில் என்றேன். தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது, "ஐந்து டஜன் என்றால் அறுபது. இவ்வளவு பெரிய பெட்டி யாரிடம் இருக்கிறது?" என்றார். சிரிக்கவே இல்லை. கேலி செய்தாரா, நிஜமாகக் கேட்டாரா?

குமுளி ஜாப் டைப்பிங்:

இடது கையையே எல்லோரும் கொண்டாடுகிறீர்கள். வலது கைக்குள் அடங்கும் சொல் என்றால் லாலிபாப், மொனாப்பலி என்று 8 எழுத்தோடு நின்றுவிடுவார்கள். பாலிஃபனி 9. எனக்கு 11 எழுத்தில் ஒன்று கிடைத்தது.

தேக்கடியில் படகில் போய் நீரின் வெப்பநிலையை அளந்துகொண்டிருந்த ஆராய்ச்சி மாணவன் ஒருவன் கையெழுத்துப் பிரதியோடு என் கடைக்கு வந்தான். 1895இல் கட்டி முடித்த அணையால் உருவான நீர்த்தேக்கம் அல்லவா, ஆழம் அதிகம். மேலே சூடான நீரும் அடியில் குளிர்ந்த நீரும் கலக்காமல் தனித்தனி அடுக்காக நிற்பதைப் பற்றிய அறிக்கை. அந்த அடி அடுக்கின் பெயர் ஹைப்போலிம்னியன். பக்கத்துக்குப் பக்கம் அதுதான் வந்தது. அது வரும்போதெல்லாம் என் இடது கைக்கு வேலை இல்லை, டீ கிளாஸைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பையன் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "அக்கா, இரண்டு கையாலும் அடியுங்கள், தப்பு வந்துவிடும்" என்றான்.

நான் பதில் சொல்லவில்லை. வேண்டுமென்றே அடுத்த ஹைப்போலிம்னியனையும் கிளாஸைக் கீழே வைக்காமல் அடித்தேன். காசைக் கொடுத்துவிட்டு முகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அக்காளுக்குத் திமிர் என்று இன்றும் எங்கேயாவது சொல்லிக்கொண்டிருப்பான்.

திருத்தணி:

செங்கோட்டைக்காரருடைய சாரின் பட்டியல் 12இல் நின்றுவிட்டது. ஆஃப்டர்கேட்டராக்ட் 13 எழுத்து, பன்மையில் 14. அத்தனையும் இடது கை.

இது அகராதியில் தேடிப் பிடித்ததல்ல. என் அம்மா டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர். கண்புரை அறுவை முடிந்து சில காலம் கழித்து மறுபடியும் பார்வை மங்கியது. நகரியைத் தாண்டி ஆந்திரப் பக்கம் ஒரு கண் மருத்துவரிடம் அழைத்துப்போனேன். உள்ளே வைத்த லென்ஸுக்குப் பின்னாலிருக்கும் சவ்வு மங்கலாகியிருக்கிறது, லேசரால் சரிசெய்துவிடலாம், பயப்பட ஒன்றுமில்லை என்று தெலுங்கில் சொல்லிவிட்டு, நோயின் பெயரை மட்டும் ஆங்கிலத்தில், ஆஃப்டர்கேட்டராக்ட் என்று சொன்னார். நான் செலவைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அம்மாவின் இடது கை நாற்காலிப் பிடியில் தட்டிக்கொண்டிருந்தது. வலது கை மடியில் அசையாமல் கிடந்தது. "எல்லாம் ஒரே கைடா" என்றார். பார்வை போய்விடுமோ என்று இரவெல்லாம் தூங்காத மனுஷி! மருத்துவர் என்ன நினைத்தாரோ, நரம்பு டாக்டரையும் பார்க்கிறீர்களா என்று கேட்டார்.

களியக்காவிளை ஹையர்:

எல்லோரும் ரசிப்பதைக் கெடுக்க விரும்பவில்லை, ஆனால் படிக்கிற பிள்ளைகள் யாராவது இதைப் பார்த்துக் கெட்டுப்போகக் கூடாது. ஒரு கைச் சொற்கள் வேகத்தின் எதிரி. ஒரு கை அடிக்கும்போது அடுத்த கை தயாராக வேண்டும், அதுதான் தாளம். டிஸ்மேன்டில்மென்ட் என்று அடித்துப் பாருங்கள், 13 எழுத்தும் இடது, வலது, இடது, வலது என்று மாறி மாறி விழும். தேர்வில் நீளச் சொல்லுக்குத் தனி மதிப்பெண்ணும் கிடையாது. ஐந்து தட்டு ஒரு சொல் என்பதுதான் கணக்கு. ஜூனியருக்கு, அதாவது லோயருக்கு, நிமிடத்துக்கு 30 சொல், சீனியருக்கு, அதாவது ஹையருக்கு, 45. எனவே தினமும் முதலில் கை மாறும் சொற்கள், பிறகு கடிதம், அதற்குப் பிறகுதான் இந்த வேடிக்கையெல்லாம். முதுகு நேராக இருக்க வேண்டும். மணிக்கட்டு மெஷின் மேல் படியக் கூடாது. விசையைப் பார்க்கவே கூடாது. டைப்ரைட்டர் என்ற சொல் மேல் வரிசையிலேயே அடங்குவது, விற்பனையாளர்கள் வேகமாக அடித்துக் காட்டுவதற்காகச் செய்த ஏற்பாடு என்று யாராவது கதை விட்டால் நம்பாதீர்கள். டைப்ரைட்டரை உருவாக்கிய ஷோல்ஸ் காப்புரிமை பெற்றது 1868இல், ரெமிங்டன் கம்பெனி அதை விற்க ஆரம்பித்தது 1874இல். இந்தக் கதைக்கு ஆதாரம் காட்டியவரை நான் பார்த்ததில்லை.

என் அனுபவம் சின்னது. பாறசாலையில் படித்தபோது மலையாளம் என்ற சொல்லை ஆங்கிலத்தில் அடிக்கச் சொன்னார்கள். முன்னும் பின்னும் ஒன்றுபோல வாசிக்கலாம் என்று எல்லோரும் சொல்வார்கள். 9 எழுத்தும் கை மாறி மாறி விழுகிறது என்பதை யாரும் சொல்வதில்லை. ஆனால் அதில் நான்கு முறை ஏ வருகிறது, நான்கும் இடது சுண்டுவிரலுக்கு. அந்தப் பழைய ரெமிங்டனில் ஏ விசை மாட்டுவண்டி அச்சாணிபோல இறுகிக் கிடக்கும். அந்த விரல் இன்றும் மழைக்காலத்தில் வலிக்கிறது.

குமுளி ஜாப் டைப்பிங்:

களியக்காவிளை ஐயா, மாவுக்கட்டுப் போட்ட பெண்ணிடம் போய்க் கை மாறும் சொற்களை அடி என்பீர்களா? இங்கே யாரும் தேர்வுக்குப் படிக்கவில்லை. சுண்டுவிரலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.

சித்தூர்:

ஆந்திரச் சித்தூர் இல்லை, பாலக்காட்டுச் சித்தூர்.

மேல் வரிசை பற்றிச் சொன்னதால் எழுதுகிறேன். கீழ் வரிசையில் உயிரெழுத்தே கிடையாது, அங்கே பந்தயம் செல்லாது. மேல் வரிசையில் மட்டும் அடிக்கக்கூடிய 10 எழுத்துச் சொல் சொன்னால் டீ வாங்கித் தருவதாக எங்கள் மாஸ்டர் அறிவித்தார். டைப்ரைட்டர் என்று எல்லோரும் கத்தினோம். அது கணக்கில் வராது என்றார். ஜன்னலோரம் இருந்தவன் எதிர்க்கடைப் பலகையைப் பார்த்துவிட்டு புரொப்ரைட்டர் என்றான். டீ வந்தது. பத்திரம் எழுதுபவர் மகன் பெர்பெச்சுவிட்டி என்றான். அவனுக்கும் வந்தது. நான் மறுநாள் நூலகத்தில் அகராதியைப் புரட்டி ரப்சர்வோர்ட் என்ற 11 எழுத்துச் சொல்லோடு வந்தேன். அது ஒரு செடி. மாஸ்டர் ஒத்துக்கொள்ளவில்லை. கொழிஞ்சாம்பாறையிலும் இல்லை, கொல்லங்கோட்டிலும் இல்லை, நான் பார்க்காத செடிக்கு டீ கிடையாது என்றார். அகராதியில் இருக்கிறதே சார் என்றேன். அகராதியிடமே போய் வாங்கிக் குடி என்றார்.

இது நியாயமா?